புத்தாண்டுக்கு ஒரு கணக்கு நோட்டு: ஆண்டர்சன் தெருவில் வாங்கியதும் வீட்டில் எழுதியதும்

இரண்டு குயர் கணக்கு நோட்டு. நீள அளவு, தையல் பைண்டிங், கெட்டி அட்டை, முதுகில் சிவப்புக் காலிகோ துணி. உள்ளே தேதிக்கு ஒரு கட்டம், விவரம் எழுத அகலமான இடம், ரூபாய்க்கும் பைசாவுக்கும் தனித்தனிக் கட்டம். நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைத்துவிடும். புத்தாண்டில் ஏதாவது ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்க வேண்டும், என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் கை காட்டுவது இந்த நோட்டைத்தான்.

லிங்கிச் செட்டித் தெருவில், துறைமுகத்துச் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்த்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள் நான். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று கையால் எழுதிய காலத்தையும் பார்த்திருக்கிறேன், எல்லாம் கணினிக்கு மாறிய காலத்தையும் பார்த்திருக்கிறேன். அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றை இன்றுவரை நம்புகிறேன். ஒரு நிறுவனத்தின் நிலைமை அதன் முதலாளி போடும் திட்டங்களில் தெரியாது. அன்றைக்கு வந்ததும் போனதும் எழுதப்பட்ட பக்கத்தில் தெரியும். வீட்டுக்கும் உடம்புக்கும் இதுவே பொருந்தும். ஜனவரி பிறந்ததும் நாம் எல்லோரும் "இனிமேல்" என்று தொடங்கும் வாக்கியங்களை எழுதுகிறோம். இனிமேல் நடப்பேன், இனிமேல் சேமிப்பேன், இனிமேல் நேரத்துக்குத் தூங்குவேன். கணக்கு நோட்டில் அப்படி எழுத இடமே கிடையாது. நடந்ததை மட்டும்தான் எழுத முடியும். அதனால்தான் அது வேலை செய்கிறது.

நம் ஊர்க்காரர் ஒருவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். சென்னையில் 1709-ல் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தினப்படி நடந்ததை எழுதிவைத்தார். எந்தக் கப்பல் வந்தது, யார் பார்க்க வந்தார், சரக்கு என்ன விலை போனது, யார் என்ன சொன்னார் என்பதுதான் அதில் இருப்பது. அவர் வியாபாரி. நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும் என்ற வியாபாரியின் கண்டிப்பு அந்த எழுத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி அவரைப் பற்றிப் பேசுவதற்கு இது இடமில்லை. நோட்டுக்கு வருகிறேன்.

வாங்க வேண்டிய இடம் ஆண்டர்சன் தெரு. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்றம் நான்காவது நிலையம். வெளியே வந்து என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடந்தால், அதன் பிறகு ஜார்ஜ் டவுன் தெருக்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் சரக்கைச் சொல்லிவிடும். பாத்திரம், மின்சாரச் சாமான், கண்ணாடி வளையல் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில். ஆண்டர்சன் தெருவுக்குத் தாள். ரீம் ரீமாகக் கட்டிய வெள்ளைத் தாள், கல்யாணப் பத்திரிகை, உறை, அட்டை, கோப்பு, டைரி, நாட்காட்டி, நோட்டு. மூன்று சக்கர வண்டியில் தாள் கட்டுகளை அடுக்கித் தள்ளிக்கொண்டு வருபவர் "வழி, வழி" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஒதுங்கி நின்றுதான் கடைக்குள் பார்க்க வேண்டும்.

டிசம்பர் கடைசி வாரத்தில் இந்தத் தெரு நெரிசலாக இருக்கும். முகப்பில் நாட்காட்டிகள் தொங்கும். அவற்றில் பெரும்பாலானவை சிவகாசியிலிருந்து வருபவை. புது வருட நாட்காட்டி மாதிரிகளை அங்கே ஆடிப்பெருக்கு அன்றே வெளியிட்டுவிடுவார்கள், அதாவது நாம் புத்தாண்டைப் பற்றி நினைக்கத் தொடங்குவதற்கு நான்கு மாதத்துக்கு மேல் முன்னாலேயே. நாட்காட்டிக்கு அடுத்த வரிசையில் தேதி அச்சிட்ட டைரிகள் இருக்கும். கணக்கு நோட்டு உள்ளே, அலமாரியின் அடித்தட்டில் இருக்கும். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சில கடைகளில் வடக்கத்தி வியாபாரிகளுக்கான சிவப்புத் துணி போர்த்திய நீளக் கணக்குப் புத்தகமும் உண்டு. 2019 ஜூலையில் நிர்மலா சீதாராமன் பெட்டிக்குப் பதிலாகச் சிவப்புத் துணியில் சுற்றிய நிதிநிலை அறிக்கையைக் கொண்டுவந்தாரே, அந்தச் சாயல்தான். சௌகார்பேட்டையில் தீபாவளிக்குப் பூஜை போட்டு அதில் புதுக் கணக்குத் தொடங்குவார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும். நம் வீட்டு உபயோகத்துக்குச் சாதாரணத் தையல் நோட்டே போதும்.

நான் வழக்கமாகப் போகும் கடையில், தந்தைக்குப் பிறகு இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறார். "வாங்க அம்மா, இந்த வருஷம் டைரி நிறைய வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் நோட்டைக் கேட்பேன். நான்கைந்து எடுத்துப் போட்டுவிட்டு, அவர் மற்ற வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். நிதானமாகப் பார்க்க விடுவதுதான் அந்தக் கடையில் எனக்குப் பிடித்த குணம்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து எல்லா நோட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதலில் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். தையல் நோட்டாக இருந்தால் மடிப்பின் நடுவில் வெள்ளை நூல் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். நூலின் மேல் விரலை வைத்து லேசாக நகர்த்திப் பாருங்கள்; தளர்ந்து வரக்கூடாது. பிறகு நோட்டை மேசையில் விரித்து வைத்துவிட்டுக் கையை எடுங்கள். நல்ல தையல் நோட்டு விரித்தபடியே கிடக்கும். வெறும் பசை போட்டு ஒட்டிய நோட்டு மெல்ல எழும்பி மூடிக்கொள்ளப் பார்க்கும். அதை அழுத்தி அழுத்தி எழுதினால் முதுகு வெடித்துப் பக்கங்கள் கொத்தாகக் கையோடு வந்துவிடும். வருடம் முழுக்க நாளுக்கு இரண்டு மூன்று தரமாவது திறந்து மூடப்போகிற பொருள் இது. விலை கொஞ்சம் கூடினாலும் தையலைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது தாள். கடையில் ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதன் கணக்கு அது. பந்துமுனைப் பேனாவுக்கு 60 போதும். மைப் பேனா பிடிப்பவர் 70-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். மை பின்பக்கம் ஊறும். நான் பையில் ஒரு மைப் பேனா வைத்திருப்பேன். அனுமதி கேட்டு, கடைசிப் பக்கத்தின் மூலையில் "உ" என்று ஒரு சுழி போட்டு, அரை நிமிடம் விட்டுத் திருப்பிப் பார்ப்பேன். கோட்டின் ஓரத்தில் மை முடி முடியாகப் பரவினால் தாள் சரியில்லை. இந்த முறை வாங்கிய நோட்டின் தாள் கரூர் காகிதபுரம் ஆலைத் தாள் என்றார் கடைக்காரர். 1979-ல் அரசு தொடங்கிய அந்த ஆலையில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துத் தாள் செய்கிறார்கள். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுவதில் இப்படி ஒரு வழவழப்பான தாள் வருகிறது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தரும் விஷயம். கண்ணைக் குத்தும் வெள்ளை இல்லை. இரவு விளக்கு வெளிச்சத்தில் எழுதப் பாந்தமாக இருக்கிறது.

மூன்றாவது, கோடு. ரூபாய்க் கட்டத்தின் செங்குத்துக் கோடு முதல் பக்கத்திலும் நூறாவது பக்கத்திலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். மலிவு நோட்டில் இது நகர்ந்துகொண்டே போகும், ஒன்றின்கீழ் ஒன்றாக எண்களை எழுத முடியாது, கூட்டும்போது கண் தடுமாறும். பக்க எண் அச்சிட்டிருந்தால் கூடுதல் நன்மை. இரண்டு குயர் என்றால் பொதுவாக 192 பக்கம். ஒரு பக்கத்தில் இரண்டு நாள் எழுதினாலே ஒரு வருடத்துக்கு மேல் வரும்.

டைரி வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். தேதி அச்சிட்ட டைரியில் ஒரு நாள் எழுதாமல் விட்டால் அந்த வெற்றுப் பக்கம் அப்படியே நிற்கும். ஒரு வாரம் விட்டால் ஏழு பக்கம். அதைப் பார்த்தாலே மனம் சோர்ந்து, "சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூடிவைத்துவிடுவோம். கணக்கு நோட்டில் தேதியை நாம்தான் எழுதுகிறோம். விட்ட நாளுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. மறுநாள் தேதியை அடுத்த வரியில் போட்டுத் தொடர வேண்டியதுதான். இது என் மன ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துப் பழக்கங்கள் எப்படிப் படிகின்றன என்று பார்த்து, 2009-ல் வெளியிட்டார்கள். ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். இருபத்தொரு நாளில் எதுவும் பழகிவிடும் என்று பலர் சொல்லும் கணக்கை நம்பி, இருபத்திரண்டாம் நாள் மனம் உடைந்துபோகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஜனவரி முதல் தேதி தொடங்கினால் பங்குனி வரைக்கும் பொறுத்திருங்கள். பொறுமைக்கு ஏற்ற பொருள் தேதியில்லாத நோட்டுதான்.

கைப்பேசிச் செயலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மகன் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினான். "அம்மா, வங்கியிலிருந்து செய்தி தானாக வருகிறது. செயலியே வகை பிரித்துப் படம் போட்டுக் காட்டிவிடுகிறது. கையால் எழுதுவது எதற்கு?" என்றான். நியாயமான கேள்வி. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு பணம் கொடுப்பது எத்தனை சுலபமாகிவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. கீரைக்காரம்மாவின் கூடையில் ஒட்டிய அட்டையைப் படம் பிடித்துப் பணம் அனுப்புகிறோம். சில்லறைத் தகராறு இல்லை. ஆனால் அந்தச் செய்தியில் வருவது ஒரு பெயரும் ஒரு தொகையும்தான். என்ன வாங்கினோம், தேவைக்கு வாங்கினோமா, பசிக்கு வாங்கினோமா, நேரம் போகாமல் வாங்கினோமா என்பது அதில் இல்லை. அதைவிட முக்கியமானது, நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுக்கும்போது கைக்குத் தெரிந்த ஒன்று இப்போது தெரிவதில்லை. இரவில் அந்தத் தொகையைப் பேனாவால் எழுதும்போது மீண்டும் தெரிகிறது. செயலி எல்லாவற்றையும் நமக்காகச் செய்துவிடுகிறது. அதனால் நாம் எதையும் கவனிப்பதில்லை. கவனிப்பதற்குத்தானே இந்த முயற்சி.

எழுதும் முறை. புது நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் செலவாக மஞ்சளையே எழுதுவேன். மளிகைச் சீட்டில் மஞ்சளை முதலில் எழுதுகிறோமே, அந்த வழக்கம்தான். பிறகு ஆரம்ப இருப்பு: கையில் உள்ள ரொக்கம், கைப்பேசியில் பணம் போகும் வங்கிக் கணக்கில் உள்ள தொகை, இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. இரவு சாப்பாடு முடிந்து சமையலறையைத் துடைத்த பிறகு உட்காருவேன். அன்றைய செலவுகளை எழுதிக் கூட்டி, இருப்பிலிருந்து கழித்து, பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போனால் பக்கத்தின் கீழே ஒரு கோடு. கணக்கு உதைத்தால் எங்கே போனது என்று யோசிப்பேன். இந்த யோசனைதான் நோட்டின் உயிர். பூக்காரிக்குக் கொடுத்த முப்பது, மருந்துக் கடையில் மீதியை விட்டுவிட்ட பத்து, வாசலில் வந்து கேட்டவருக்குக் கொடுத்த இருபது என்று அன்றைய நாள் முழுவதும் கண் முன்னால் ஒருமுறை திரும்ப நடக்கும். ஐந்து நிமிட வேலைதான். துண்டு விழுந்த தொகை எதற்கென்று கடைசிவரை தெரியவில்லை என்றால் "நினைவில்லை" என்று தலைப்புப் போட்டு எழுதிவிட வேண்டும். பொய்யாக ஒரு செலவை எழுதிக் கணக்கை நேராக்கக் கூடாது. எங்கள் அலுவலகத்துப் பெரியவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான்.

இனி, இந்த நோட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: பைசாக் கட்டம். 25 பைசா நாணயமும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போய்விட்டன. ஐம்பது பைசாவை யாரும் வாங்குவதில்லை. இருந்தும் கணக்கு நோட்டு அச்சிடுகிறவர்கள் பைசாவுக்கு ஒரு கட்டத்தை இன்னும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரூபாய்க்குப் பக்கத்தில், இரண்டு இலக்கம் எழுதும் அளவுக்கு, மெல்லிய சிவப்புக் கோட்டுக்கு அப்பால், பக்கம் முழுவதும் காலியாக இறங்கும் ஒரு பத்தி. அதில் நான் நடந்த நிமிடங்களை எழுதுகிறேன். காலையில் மாநகராட்சிப் பூங்காவில் சுற்றியது இருபத்தைந்து, மாலையில் சந்தைக்கு நடந்துபோய் வந்தது பதினைந்து என்று. இரண்டு இலக்கத்துக்கு மேல் போவதில்லை, கட்டம் சரியாக இருக்கிறது.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் உழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. நாளுக்கு இவ்வளவு என்று கட்டாயப்படுத்தாமல் வாரத்துக்குக் கணக்கு வைத்தது நம்மைப் போன்ற குடும்பத்துப் பெண்களுக்கு மிகவும் வசதி. ஞாயிறு இரவு ரூபாயைக் கூட்டும்போதே பக்கத்துப் பத்தியையும் கூட்டிவிடுவேன். 150 வந்துவிட்டால் மனத்துக்கு நிறைவு. வராத வாரத்தில் ஏன் வரவில்லை என்பது அதே பக்கத்தில் விவரக் கட்டத்தில் எழுதியிருக்கும்: உறவினர் வீட்டு விசேஷம், ஆட்டோ, ஆட்டோ, மறுபடியும் ஆட்டோ. பணமும் நடையும் ஒரே வரியில் இருப்பதால் ஒன்று மற்றொன்றைச் சொல்லிவிடுகிறது. எந்தச் செயலியும் இதை எனக்குக் காட்டியதில்லை.

என் மருமகளுக்கும் சென்ற புத்தாண்டில் ஒரு குயர் நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள், சோழிங்கநல்லூர் வரை போய்வருகிறவள். "அத்தை, எனக்கு எழுத நேரம் இருக்குமா?" என்று தயங்கினாள். எல்லாவற்றையும் எழுத வேண்டாம், கைப்பேசியில் ஆர்டர் செய்து வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வரவழைக்கும் சாப்பாடு ஒன்றை மட்டும் எழுது என்று சொன்னேன். அவள் புத்திசாலி, நான் சொல்லாமலே கட்டங்களை மாற்றி வைத்துக்கொண்டாள். சாப்பாட்டின் விலையை ரூபாய்க் கட்டத்தில் எழுதினாள். கொண்டுவந்து கொடுக்கும் கட்டணத்தையும் மற்றக் கட்டணங்களையும் விவரத்துக்குப் பக்கத்தில் வேறு நிற மையால் எழுதினாள். பக்கத்தின் ஓரத்தில் ஆர்டர் செய்த நேரத்தையும் குறித்தாள். பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது தொகை அவளை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. நேரம்தான் பாதித்தது. பாதிக்கு மேல் இரவு பத்தரைக்குப் பிறகு. "பசியில்லை அத்தை, தூங்காமல் இருந்திருக்கிறேன்" என்றாள். அதன் பிறகு அவள் நோட்டில் முதல் பத்தி தூங்கப் போன நேரமாக மாறியது. நான் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்கவும் மாட்டாள். இப்போது காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகிறாள், அதற்கு வேண்டிய இட்லி மாவை இருவரும் சேர்ந்து ஆட்டுகிறோம்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை உண்டு. நோட்டின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாகத் திருப்பி அவருடைய கணக்கைத் தொடங்கியிருக்கிறோம். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, முந்தின இரவு என்ன சாப்பிட்டார். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையே எடுத்துப் போகிறோம். அவர் ஒரு நிமிடத்தில் மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, எந்த நாளில் ஏறியிருக்கிறது என்று விரல் வைத்துக் கேட்கிறார். "பரவாயில்லை, கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது" என்று நாமே வாயால் சொல்வதற்கும் இதற்கும் எத்தனை வித்தியாசம்!

மின்சார மீட்டரையும் ஞாயிறு தோறும் எழுதுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை கட்டணம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதற்கு முன்பு குறைந்த விலையில் கணக்கிடப்பட்ட யூனிட்டின் விலையும் சேர்ந்து உயர்ந்துவிடும். அதனால் 490-க்கும் 510-க்கும் உள்ள வித்தியாசம் இருபது யூனிட்டின் விலையோடு நிற்காது. ஏழாவது வாரத்தில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் எட்டாவது வாரம் ஏ.சி.யைப் பார்த்துப் போடலாம். சிலிண்டர் மாற்றிய தேதியையும் எழுதிவைத்தால் 14.2 கிலோ உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று தெரியும். திடீரென்று குறைந்தால் ரப்பர் குழாயைப் பார்க்கச் சொல்லும். இவையெல்லாம் சுய முன்னேற்றமா என்று சிலர் கேட்கலாம். என் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரிவதைவிடப் பெரிய முன்னேற்றம் எது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

குறைகளும் இருக்கின்றன. நீள அளவு நோட்டு கைப்பைக்குள் போகாது. வெளியே செலவழித்ததைச் சின்னத் துண்டுத் தாளில் எழுதிவந்துதான் இரவில் ஏற்ற வேண்டும். அட்டையின் மேல் ஒட்டிய தாள் சென்னையின் ஐப்பசி மழை ஈரத்தில் மூலையில் உரியும். நான் பழைய புடவைத் துணியில் உறை தைத்துப் போடுகிறேன். இந்த முறை வாங்கியவற்றில் ஒன்றில் நடுவில் ஒரு கட்டுப் பக்கங்கள் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தன. கடையில் கொண்டுபோய்க் காட்டியதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். பேரங்காடி ஒன்றில் அவசரத்துக்கு வாங்கிய பசை பைண்டிங் நோட்டு கோடை முடிவதற்குள் இரண்டாகப் பிளந்தது. அங்கே மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். நோட்டை நோட்டுக் கடையில் வாங்குவதுதான் சரி.

முக்கியமான குறை ஒன்று: குடும்பத்தில் ஒருவர் எழுதுவதை மற்றவர் வேவு பார்க்கும் கருவியாக மாற்றினால் இந்த நோட்டு கெடுதல் செய்யும். கணவர் எழுதுவதை மனைவியோ, மனைவி எழுதுவதை மாமியாரோ திறந்து பார்த்து "இது எதற்கு?" என்று கேட்கத் தொடங்கினால், மறுநாளிலிருந்து அதில் உண்மை இருக்காது. ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். மருமகளின் நோட்டை அவள் காட்டினால் மட்டுமே பார்க்கிறேன். எண்களைப் பார்த்தாலே மனம் பதறுகிறவர்கள், கடன் நெருக்கடியில் தூக்கம் கெட்டிருப்பவர்கள் தனியாக இதைத் தொடங்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரை அருகில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஜனவரி முதல் தேதியைத் தவறவிட்டவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. தை முதல் நாள் இருக்கிறது, நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 இருக்கிறது, சித்திரை முதல் நாள் இருக்கிறது. நோட்டுக் கடைக்காரர்களைக் கேட்டால் பள்ளி திறக்கும் ஜூன்தான் வருடப் பிறப்பு என்பார்கள். வாங்குவதற்கு நல்ல காலம் பொங்கல் முடிந்த பிறகுதான். டைரிக் கூட்டம் கலைந்திருக்கும், நான் சொன்ன சோதனைகளைச் செய்து பார்க்கக் கடையில் இடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மற்ற நாளில் காலை பதினொரு மணிக்குப் போனால் தள்ளுவண்டி நெரிசல் குறைவு. "இரண்டு குயர், நீளம், தையல், பக்க எண் போட்டது" என்று நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். வெறுமனே கணக்கு நோட்டு என்றால் பசை ஒட்டியதைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். மொத்தக் கடைதான், ஆனால் ஒன்று கேட்டாலும் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பத்தாக வாங்கினால் விலையில் குறைத்துப் போடுகிறார்கள், கட்டித் தர நல்ல சணல் கயிறும் வைத்திருக்கிறார்கள்.